கொல்லைக்கு வந்த அழுங்கு



தோட்டம் என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. பல நூறு ஏக்கரில் பால்மரமோ செம்பனையோ நிரைநிரையாக நிற்குமே, அது ஒரு தோட்டம். லயத்து வீட்டின் பின்புறத்தில் நான்கு வாழையும் ஒரு முருங்கையும் கொஞ்சம் மரவள்ளியும் நிற்குமே, அதுவும் ஒரு தோட்டம். இரண்டுமே கம்பெனி மண்தான். ஆனாலும் பின்புறத்தில் இருந்ததை மட்டும் 'நம்ம கொல்லை' என்று உரிமையோடு சொல்லி வந்தோம்.

இந்த இரண்டு தோட்டங்களும் வருவதற்கு முன்னால் அதே மண்ணில் காடு இருந்தது. அந்தக் காட்டின் பழைய குடிகளில் ஒன்று, நூறாண்டுக்கு மேலாக நம் கொல்லைகளுக்கு இரவில் வந்து போய்க்கொண்டிருக்கிறது. வந்தது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. தெரிந்தபோது நாம் அதற்கு நல்ல அண்டை வீட்டுக்காரராக நடந்துகொண்டோமா என்பதுதான் இன்றைய பேச்சு. அந்த விலங்கின் பெயர் அழுங்கு. எறும்புத்தின்னி என்றும் சொல்வோம். மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பார்கள்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1967ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பால்வெட்டு, அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. அப்பாவைப் பெற்ற பாட்டி, சேலம் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே கப்பலேறி வந்தவர். ஆண்டு முடிகிற சமயம். நல்ல மழை. பள்ளி திறக்க ஒரு மாதம் இருந்தது.

ஒரு நாள் இரவு எங்கள் நாய் கொல்லையில் நின்று விடாமல் குரைத்தது. கோழிக்கூட்டில் பாம்பு புகுந்துவிட்டதோ என்று அப்பா அரிக்கேன் விளக்கும் தடியுமாக ஓடினார். நான் பின்னாலேயே போனேன். வாழைக்கு அடியில், தேங்காய் மூடையை உருட்டிவிட்டதுபோல ஒரு பழுப்பு உருண்டை கிடந்தது. நாய் அதை மூக்கால் தள்ளும், பின்வாங்கும், மறுபடி குரைக்கும். உருண்டை அசையவில்லை. அப்பா தடியால் தட்டினார். ஓடு தட்டினாற்போல் 'டக்' என்று ஒலித்தது.

பாட்டி மெதுவாக வந்து பார்த்தார். "அட, அழுங்குடா இது! எங்க ஊர் மலையிலயும் உண்டு. ஒண்ணும் செய்யாது. நாயைக் கட்டிட்டு உள்ள வாங்க, அது பாட்டுக்குப் போயிடும்" என்றார்.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். "அண்ணே, விட்டுடாதீங்க. டவுன்ல இதை வாங்குற ஆள் இருக்கான். ஓடும் விலை போகும், கறியும் விலை போகும். ரெண்டு வாரச் சம்பளம் கிடைக்கும்" என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு ஒரு கோணிச்சாக்கை எடுத்துவரச் சொன்னார். அந்த விலங்கு ஓடவில்லை, கடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. உருண்டையாகவே சாக்குக்குள் போயிற்று.

காலையில் பழைய தகரப் பீப்பாய்க்குள் போட்டு வைத்திருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். அது மெல்லச் சுருள் விரித்திருந்தது. அதன் வயிற்றோரம் வெளிறிய நிறத்தில் இன்னொரு சின்ன உருண்டை இருந்தது. குட்டி. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "என்னங்க, புள்ளத்தாச்சியப் போல இருக்கே, வேண்டாங்க" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சைக்கிளில் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தார். அந்தப் பணத்தில் எனக்கும் தங்கைக்கும் வெள்ளைச் சப்பாத்தும் பள்ளிச் சட்டையும் வாங்கினார்கள். அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் நான் இரண்டாம் வகுப்பு முடித்து மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.

இதை அப்பாவைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. சப்பாத்து இல்லாமல் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் வேதனை அவருக்குத் தெரியும். ஆனால் சாக்கில் போட்டது இன்னதென்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. நேயர்களுக்கு அவ்வளவு நாள் ஆகவேண்டாம்.

அழுங்கு எப்படிப்பட்ட விலங்கு? தலையிலிருந்து வால் நுனிவரை மேற்புறம் முழுவதும் செதில்கள். கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். செதிலைப் பார்த்துவிட்டுப் பலர் இதை உடும்பு இனம் என்று நினைக்கிறார்கள். தவறு. இது குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. உலகில் செதில் போர்த்த பாலூட்டி இது ஒன்றுதான். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. நீண்ட பசைநாக்கு ஒன்று உண்டு. முன்காலில் உள்ள வலுவான நகங்களால் எறும்புப் புற்றையும் கரையான் புற்றையும் கிளறும். நாக்கை நீட்டும். ஒட்டிக்கொண்டவற்றை விழுங்கும். கூடவே சிறு கற்களையும் மண்ணையும் விழுங்கும். பல் செய்யவேண்டிய வேலையை வயிற்றுக்குள் அந்தக் கற்கள் செய்கின்றன.

நம் நாட்டு அழுங்கு பத்துக் கிலோ எடைக்கு மேல் போவது அரிது. வால் உடலின் நீளத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். அந்த வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு மரமும் ஏறும். பகலெல்லாம் மரப்பொந்திலோ வளையிலோ உறங்கும். இருட்டிய பிறகு தனியாகத்தான் வெளியே வரும். கண் கூர்மை குறைவு, மூக்குத்தான் வழிகாட்டி. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. தாய் இரை தேடப் போகும்போது குட்டி அதன் வால் அடியில் தொற்றிக்கொண்டு சவாரி செய்யும். ஆபத்து என்றால் தாய் குட்டியை வயிற்றோடு அணைத்து, அதன்மேல் தன்னைச் சுருட்டிக்கொள்ளும். எங்கள் தகரப் பீப்பாய்க்குள் நான் கண்ட காட்சி அதுதான்.

அதன் கோட்டை இந்தச் சுருட்டல் ஒன்றே. புலிகூட அந்த உருண்டையைப் பிரிக்க முடியாமல் விட்டுவிட்டுப் போவதுண்டு. பல கோடி ஆண்டுகளாக அந்த இனத்தைக் காத்து வந்த உபாயம் அது. மலாய் மொழியில் சுருண்டுகொள்வது என்ற பொருளில் 'பெங்குலிங்' என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்தான் கடல் கடந்துபோய் ஆங்கிலத்தில் 'பாங்கோலின்' ஆயிற்று. உலகம் முழுவதும் இந்த விலங்கை அழைக்கிற பெயரே நம் மலாய் மண் கொடுத்த பெயர்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1877ஆம் ஆண்டு 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. 1896இல் மலாக்காவில் தான் சே யான் என்ற சீனர் முதன்முதலாக வாணிப முறையில் ரப்பர் பயிரிட்டார். 1900ஆம் ஆண்டில்கூட மலாயாவில் சில ஆயிரம் ஏக்கர் ரப்பர்தான் இருந்தது. பிறகு மோட்டார் வண்டி வந்தது. வண்டிக்கு டயர் வேண்டியிருந்தது. ரப்பர் விலை ஏறி 1910இல் உச்சத்தைத் தொட்டது. 1920களில் ரப்பர் நிலம் இருபது லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. இருபதே ஆண்டுகளில் இத்தனை நிலம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி காட்டிலிருந்துதான்.

காடு அழிப்பு எப்படி நடந்தது என்று நம் முன்னோர் கதைகதையாகச் சொல்லியிருக்கிறார்கள். சிறு மரங்களையும் கொடிகளையும் முதலில் வெட்டுவார்கள். பிறகு பெருமரங்களைச் சாய்ப்பார்கள். சில வாரம் காயவிட்டு, வெயில் நாள் பார்த்துத் தீ வைப்பார்கள். மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், தமிழர் என்று எல்லா இனத்துக் கைகளும் அந்த வேலையில் ஈடுபட்டன. லாபம் எங்கே போயிற்று என்பது வேறு கதை. ஒன்றைச் சொல்லவேண்டும். கோடரி எடுத்தவன் காட்டின் எதிரி அல்லன். கூலிக்கு வந்தவன். காய்ச்சலிலும் கழிச்சலிலும் அவனும் அந்த மண்ணிலேயே விழுந்தான்.

தீ மூட்டிய காட்டிலிருந்து யானை விலகிப் போயிற்று. மான் ஓடிற்று. குரங்கு மரம் மரமாகத் தாவிப் போயிற்று. ஓடத் தெரியாத அழுங்கு என்ன ஆயிற்று? எரிந்தவை எரிந்திருக்கும். தப்பியவை ஓடைக்கரையிலும் சரிவிலும் வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகளில் தங்கியிருக்கும். பிறகு ஒரு புதுமை நடந்தது. எரித்த காட்டில் பெரிய பெரிய அடிக்கட்டைகளும் வேர்களும் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. அவற்றில் கரையான் பெருகிற்று. அங்கிருந்து உயிருள்ள ரப்பர் மரத்துக்கும் ஏறிற்று. தொடக்க காலத்துத் துரைமார்களின் பெரிய தலைவலிகளில் ஒன்று இந்தக் கரையான். கட்டைகளைத் தோண்டி எடுக்கவும் மருந்து வைக்கவும் நிறையச் செலவழித்தார்கள்.

மருந்து இல்லாமல், கூலி கேட்காமல், இரவு வேளையில் அந்தக் கரையானைத் தின்கிற வேலைக்காரன் ஒருவன் பக்கத்துக் காட்டுத் துண்டிலேயே இருந்தான். பிரட்டில் அவனுக்குப் பெயர் இல்லை. கரையான் மட்டுமா? மரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை நமக்குத் தெரியும். மலாய்க்காரர்கள் கெரங்கா என்பார்கள். பால் வெட்டும்போது கழுத்துக்குள் விழுந்து கடித்துக் குதறும். அதுவும் அழுங்குக்கு இரை. இப்படித்தான் காடு போனபிறகும் அழுங்கு தோட்டத்தை விட்டுப் போகாமல் இருந்தது. ரப்பர்க் காடு அதற்கு முழு வீடு ஆகவில்லை. பொந்துள்ள பெருமரம் அங்கே கிடையாது. ஆனால் இரை கிடைத்தது.

அங்கிருந்து நம் கொல்லைக்கு எத்தனை தூரம்? ஓர் ஓடையும் ஒரு வேலியும்தான். கொல்லையில் மக்கிய கட்டை, வாழை அடி, விறகுக் குவியல், எருக்குழி எல்லாம் இருக்கும். அங்கெல்லாம் எறும்பு உண்டு. எறும்பு உள்ள இடத்துக்கு அழுங்கு வரும். வந்தது கோழி பிடிக்க வந்ததாகச் சிலர் எண்ணி அடித்திருக்கிறார்கள். பல் இல்லாத விலங்கு கோழியை என்ன செய்யும்? கிழங்கைத் தோண்டியது என்று சிலர் அடித்திருக்கிறார்கள். கிழங்கைத் தோண்டுவது காட்டுப் பன்றி. அழுங்கு தோண்டுவது எறும்புக் குழி.

நம் பாட்டிமார் இந்த விலங்கை மலாயாவுக்கு வந்துதான் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்று சொல்லமுடியாது. தமிழ்நாட்டு மலைகளிலும் புதர்க்காடுகளிலும் இதன் உறவு விலங்கு ஒன்று உண்டு. ஆசியாவில் நான்கு வகை, ஆப்பிரிக்காவில் நான்கு வகை, ஆக உலகத்தில் எட்டு வகை அழுங்குகள். ஊரில் பார்த்தது ஒரு வகை, இங்கே பார்த்தது இன்னொரு வகை. அதனால்தான் என் பாட்டி பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொன்னார். ஊரில் அதன் செதிலை மோதிரமாகவும் தாயத்தாகவும் அணிகிற வழக்கமும் இருந்தது. குழந்தைக்குக் கண்ணேறு படாது என்று அரைஞாணில் கோப்பதும் உண்டு. அந்த நம்பிக்கையைப் பற்றிப் பிறகு ஒரு சொல் சொல்கிறேன்.

மலாயா அரசு காட்டு விலங்குகளைப் பற்றி ஆராய 1930இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதை நடத்தியவர் தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டக்காரர், பெரிய வேட்டைக்காரர். பிற்காலத்தில் விலங்குகளைக் காக்கப் போராடினார். அந்தக் குழுவின் அறிக்கை 1932இல் வெளிவந்தது. யானையும் மானும் பயிரை அழிக்கின்றன என்று ஒரு பக்கம் முறையீடு. அவற்றுக்கும் வாழ இடம் வேண்டும் என்று மறுபக்கம் வாதம். அந்த முயற்சியின் பலனாக 1938, 1939 ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் ஒரு பெரிய காட்டுப்பகுதி பாதுகாக்கப்பட்டது. அதுதான் இன்றைய தாமான் நெகாரா. பெரிய விலங்குகளுக்குப் பெரிய காடு கிடைத்தது. ஆனால் தோட்டத்து ஓரத்தில் ஒண்டியிருந்த சிறு விலங்குகளுக்கு அந்தப் பூங்கா வெகுதூரம்.

பிறகு யுத்தம் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினார்கள். அரிசி நின்றது. ரப்பருக்கு விலை இல்லை. சயாம் ரயில் பாதைக்கு நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. வயிறு காய்ந்தவன் முன்னால் எந்த விலங்கும் விலங்காகத் தெரியாது. அந்தக் காலத்தில் அகப்பட்டதைத் தின்றவரை நாம் குற்றம் சொல்ல முடியாது.

1948இல் அவசரகாலம் தொடங்கியது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்று சேர்த்து முள்வேலி போட்டார்கள். ஊரடங்குச் சட்டம் வந்தது. இரவில் வேலிக்கு வெளியே யாரும் போகக்கூடாது. 1960இல் அவசரகாலம் முடியும்வரை பல தோட்டங்களில் இரவு நேரக் காடு மனிதர் இல்லாத காடாக இருந்தது. அழுங்குக்கு அது கொஞ்சம் நிம்மதியான காலமாக இருந்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. நம் பெரியவர்கள் பயந்துகொண்டு வீட்டுக்குள் கிடந்த அதே இரவுகளில், அது பயமில்லாமல் வெளியே நடந்திருக்கும்.

அடுத்து வந்தது செம்பனை. இந்த நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் போடப்பட்டது. பெயரைப் பாருங்கள், தமிழ்ப் பெயர். ஆயினும் 1960களுக்குப் பிறகுதான் ரப்பரை வெட்டிச் செம்பனை போடுவது வேகம் பிடித்தது. 1980களின் முடிவில் செம்பனை நிலம் ரப்பர் நிலத்துக்குச் சமமாக வந்து, பிறகு முந்திக்கொண்டது. புதிய காடுகளும் அழிக்கப்பட்டன. தோட்டங்கள் வீட்டுமனைகள் ஆயின. லயங்கள் இடிந்தன. நம்மில் பலர் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தோம். அழுங்குக்கும் அந்த ஓடையோரக் காட்டுத் துண்டு போயிற்று.

ஆனால் நிலம் குறைந்ததைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அது விலை.

அழுங்கின் செதிலைச் சீன வைத்தியத்தில் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். கறியைச் சில நாடுகளில் விருந்துப் பண்டமாக உண்டார்கள். பணம் பெருகப் பெருக விலையும் ஏறிற்று. பக்கத்து வீட்டுக்காரர் என் அப்பாவிடம் சொன்ன 'டவுன் ஆள்' அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. அவனுக்குப் பின்னால் பெரிய முதலாளி, அவனுக்குப் பின்னால் கப்பல். புலியால் பிரிக்க முடியாத உருண்டையை மனிதன் இரண்டு கையால் தூக்கிச் சாக்கில் போட்டுவிடுகிறான். எந்தப் பழக்கம் அதைக் காத்ததோ, அதே பழக்கம் அதைக் காட்டிக்கொடுத்தது.

அந்தச் செதிலில் அப்படி என்ன இருக்கிறது? நம் கைநகம் எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருளால்தான் அழுங்கின் செதிலும் ஆனது. மாட்டுக் குளம்பும் அதுதான், நம் தலைமயிரும் அதுதான். நோயைத் தீர்க்கும் என்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. நாம் வெட்டிக் குப்பையில் போடுகிற நகத்துக்கு இல்லாத சக்தி அதற்கு மட்டும் எங்கிருந்து வரும்? தாயத்து நம்பிக்கைக்கும் இதுவே பதில். 2020இல் சீன அரசே அழுங்குக்கு உச்சநிலைப் பாதுகாப்பு அளித்து, அந்த ஆண்டின் அரசு மருந்து நூலில் மூலப்பொருள் பட்டியலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது.

சட்டத்தின் கதையையும் கேளுங்கள். 1972இல் மலேசியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அழுங்கு முற்றாகப் பாதுகாக்கப்பட்ட விலங்காயிற்று. அதே 1972இல் இந்தியாவும் தன் வனவிலங்குச் சட்டத்தை இயற்றியது. நம் முன்னோர் விட்டு வந்த நாடும் வந்து சேர்ந்த நாடும் ஒரே ஆண்டில் இதைச் செய்தன. 2010இல் மலேசியாவில் இன்னும் கடுமையான புதிய சட்டம் வந்தது. அனுமதியின்றி அழுங்கைப் பிடித்தாலோ வைத்திருந்தாலோ ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அது சொன்னது. 2022இல் அந்தச் சட்டமும் திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் உயர்ந்தன. 2018இல் சபா மாநிலமும் அழுங்கை முற்றாகப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தது.

உலக அளவிலும் தடை வந்தது. 2000ஆம் ஆண்டில் ஆசியாவின் காட்டு அழுங்குகளை விற்பனைக்காக ஏற்றுமதி செய்யும் அளவு பூச்சியமாக்கப்பட்டது. 2016இல் ஜொகானஸ்பர்க்கில் கூடிய நாடுகள், எட்டு வகை அழுங்குகளின் வாணிபத்தையும் தடை செய்ய முடிவெடுத்தன. நம் நாட்டு வகை 2014இல் 'அழிவின் விளிம்பில்' என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த படி என்ன? காட்டில் அற்றுப்போவது.

தடை போட்டவுடன் கடத்தல் நின்றுவிட்டதா? இல்லை. 2019 பிப்ரவரியில் சபாவில் போலீசார் சோதனை போட்டபோது, ஏறக்குறைய 30 டன் அழுங்கும் அழுங்குப் பொருள்களும் அகப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரே வாரத்தில் இரண்டு முறை கொள்கலன்களைத் திறந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 25 டன்னுக்கு மேற்பட்ட செதில்கள் கிடந்தன. ஆசிய அழுங்குகள் குறைந்துபோகவே ஆப்பிரிக்காவில் வேட்டையாடத் தொடங்கிவிட்டார்கள் என்பது இதன் பொருள். ஓர் அழுங்கிடமிருந்து கிடைக்கும் செதில் நம் கை நிறையவோ மடி நிறையவோதான் இருக்கும். 25 டன்னுக்கு எத்தனை ஆயிரம் அழுங்குகள் செத்திருக்கவேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. சிங்கப்பூரில் 1986இல் போட்ட ஒரு விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டையும் அதற்கு அடுத்த நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிளந்துவிட்டது. சாலையைக் கடந்த அழுங்குகள் வண்டியில் அடிபட்டுச் செத்தன. 2013இல் அந்தச் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். மனிதருக்கோ வண்டிக்கோ அங்கே அனுமதி இல்லை. மண் கொட்டி மரம் நட்டு, விலங்குகளுக்காகவே விட்ட பாலம். அதில் அழுங்கு நடந்துபோவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. அவ்வளவு நெருக்கமான நகரத்திலேயே அதற்கு வழிவிட முடிகிறது என்றால், நம் கொல்லையில் முடியாதா?

தாய்மார்களே, பெரியவர்களே, பிள்ளைகளே! உங்கள் வீட்டுக்குப் பின்புறத்தில் அழுங்கு வந்ததற்கு அடையாளம் உண்டு. எறும்புப் புற்றிலோ மக்கிய கட்டையிலோ புதிதாகக் கிளறிய குழி இருக்கும். ஈர மண்ணில் நகத் தடமும், நடுவே வால் இழுத்த கோடும் தெரியும். அதைக் கண்டால் மகிழ்ச்சி அடையுங்கள். மருந்து அடிக்காமல் கரையான் குறைகிறது என்று பொருள்.

நேரிலேயே கண்டுவிட்டால் முதலில் நாயைக் கட்டுங்கள். விளக்கை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். தடியால் தட்டாதீர்கள், உருட்டிப் பார்க்காதீர்கள். பத்தடி தள்ளி நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது சுருண்டால் பயந்திருக்கிறது என்று அறிந்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். சத்தம் அடங்கியதும் தானே விரித்துக்கொண்டு வந்த வழியே போய்விடும். சோறும் பாலும் வைத்து வளர்க்கலாம் என்று எண்ணவேண்டாம். கூண்டில் அதை உயிரோடு வைத்திருப்பது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். அடிபட்டுக் கிடந்தாலோ, சாக்கடைக்குள் விழுந்து ஏற முடியாமல் தவித்தாலோ, பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். வாங்குகிறேன் என்று யாராவது வந்தால் சிறைவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்பவன் பெரும்பாலும் சாக்கைச் சுமந்தவன்தான், கப்பல் ஏற்றியவன் அல்லன்.

நேயர்களே, பேச்சை முடிக்குமுன் இன்னொரு சிறு செய்தி. நான் இப்போது ஒரு தாமான் வீட்டில் இருக்கிறேன். பின்வேலிக்கு அப்பால் பழைய செம்பனைக் காடு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, என் பேரன் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு மெதுவாகக் கூப்பிட்டான். "தாத்தா, சத்தம் போடாம வாங்க." போய்ப் பார்த்தேன். கறிவேப்பிலைச் செடிக்கு அடியில், நான் பூத்தொட்டிக்கு வைத்திருந்த மக்கிய கட்டையை ஓர் அழுங்கு கிளறிக்கொண்டிருந்தது. முற்றத்து விளக்கு வெளிச்சத்தில் செதில்கள் பளபளத்தன. எங்கள் வாசனை காற்றில் போயிருக்க வேண்டும். ஒரு கணம் தலையைத் தூக்கி, முன்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு, இரண்டு பின்காலில் நின்றது. பிறகு குனிந்து மறுபடி வேலையைத் தொடர்ந்தது. சுருண்டுகொள்ளவில்லை.

அரைமணி நேரம் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அது வேலியின் கீழுள்ள இடுக்கு வழியாகப் போய் மறைந்தது. அப்போதுதான் பேரனுக்கு 1967இல் வாங்கிய வெள்ளைச் சப்பாத்தின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவன் ஒன்றுதான் கேட்டான். "அந்தக் குட்டி என்ன ஆச்சு தாத்தா?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவனும் நானும் சேர்ந்து, வேலியின் கீழுள்ள அந்த இடுக்கில் கிடந்த கல்லையும் தகரத்தையும் எடுத்துப் போட்டு வழியைச் சுத்தம் செய்தோம்.

உங்கள் வேலியிலும் அப்படி ஓர் இடுக்கு இருந்தால் அடைத்துவிடாதீர்கள்.